இடது கால்

விமானத் தளம், பாலைவனம்
9 அக்டோபர் 2025

கேத்தி,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதே. வேறு வழியில்லாமல்தான் தாளில் எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். ஆபீஸ் மெயிலுக்கு உன்னிடமிருந்து வரும் ஒரே பதில் "நோட்டட்". இங்கேயோ தளத்தின் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நல்லவேளை, பாகங்களை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் பறக்கும் சரக்கு விமானத்தின் தபால் பையில் வீட்டுக் கடிதங்களையும் போட அனுமதி உண்டு. என் குழுவில் இருப்பவர்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் எழுதுகிறார்கள். நான் உனக்கு எழுதுகிறேன்.

வந்த அன்று காலை அவை வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். மூக்கில் தார்பாலின் கட்டி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, நம்முடைய அதே ஜாகுவார்கள். மரங்களை உரசுகிற மாதிரி தாழப் பறந்து தரையில் இருக்கும் இலக்கை அடித்துவிட்டுத் திரும்புவதற்கென்றே செய்த விமானங்கள், வெயிலில் ஆடுமாடுகள் போல நிற்கின்றன. இந்த நாட்டு விமானப்படை இவற்றைப் பறக்கவிடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. பாகங்கள் செய்த கம்பெனிகளும் கையை விரித்துவிட்டன. இன்னும் பறக்கவைப்பவர்கள் நாம்தான். "உங்களுக்கு வேண்டியதைக் கழற்றி எடுத்துப் போங்கள்" என்று நம்மிடம் கொடுத்துவிட்டார்கள். ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்தபோது சாதாரணமாக இருந்தது. கையில் ஸ்பானரோடு பக்கத்தில் போய் நின்றபோது, கேத்தி, ஏதோ தானமாகக் கொடுத்த உடம்பின் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

முதல் பெட்டி இந்தக் கடிதத்தோடு வருகிறது. எரிபொருள் பம்புகளை நானே துடைத்துச் சுற்றினேன், நீ திறந்து பார்த்துக் குறை சொல்ல முடியாதபடி. உன் ஹேங்கரில் நிற்கும் 108-க்கு இன்னும் என்ன வேண்டும் என்று எழுது. திட்டியும் எழுதலாம்.

வித்யா


லிங்கராஜபுரம், பெங்களூரு
17 அக்டோபர் 2025

திருமதி வித்யாலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் முதல் பெட்டியும் கிடைத்தன. பம்புகள் நல்ல நிலையில் இருக்கின்றன. சுற்றியிருந்த விதத்திலும் குறையில்லை.

108-க்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பொருள்தான். இடது பிரதான சக்கரக் கால். இறக்கத்தின்போது விமானத்தின் எடையைத் தாங்கும் கால் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பழைய காலில் விரிசல் கண்டு நான் நிராகரித்ததிலிருந்து அந்த விமானம் ஜாக்குகளின் மேல் நிற்கிறது. எஞ்சின், மின்சாரம், ஆயுதத் தாங்கிகள் எல்லாம் முடிந்துவிட்டன. அந்தக் காலை மட்டும் எங்கேயும் வாங்க முடியவில்லை. துருப்பிடிக்காத, குழி விழாத இடது கால் அங்கே இருந்தால் அனுப்பவும்.

இவ்வளவுதான் எழுத நினைத்தேன். ஆனால் "திட்டியும் எழுதலாம்" என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கேட்கிறேன். இந்தப் பயணத்துக்கு நாம் இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தோம். தங்களைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை. ஆனால் நான் அதைக் கேன்டீனில் தெரிந்துகொண்டேன். கையில் உப்பிட்டுத் தட்டு. நம் பிரிவுத் தலைவர் கோவிந்தப்பா சார் எதிரே வந்து என்னைத் தாண்டி தங்களிடம் கையை நீட்டி, "கங்கிராட்ஸ் மேடம், டீம் லீடர் ஆகிட்டீங்க" என்கிறார். தங்களுக்கு அது முந்தின நாளே தெரியும். அன்று காலை ஃபேக்டரி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். அதனால்தான் வலித்தது.

கேத்தரின்


விமானத் தளம்
25 அக்டோபர் 2025

கேத்தி,

"திருமதி வித்யாலட்சுமி அவர்களுக்கு" என்று படித்ததும் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்தக் காலை பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய். சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். பாலைவன மணலில் எந்த ஷூ தாங்கும், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் அது கிடைக்கும், உன் வீட்டுக்காரர் டேரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாரா மாட்டாரா. முகம் முழுக்கச் சந்தோஷம். முருகேஷ்பாளையா தாண்டும்வரை ஷூவைப் பற்றியே பேசினாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது? ஹேங்கருக்குப் போய்த் தனியாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கோவிந்தப்பா முந்திக்கொண்டார்.

இப்போது கால். இங்கே பார்த்த இடது கால்கள் எல்லாம் கடல் பக்கத்திலிருந்து வரும் உப்புப்பனியில் ஊறிப் போயிருக்கின்றன. பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே குழி குழியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதைத் தொடக்கூடாதாம்.

அந்தக் கால் இருக்கும் விமானத்தைத் தளத்தின் வாசலில் நினைவுச்சின்னமாக நிறுத்தப் போகிறார்கள். கம்பத்தின் மேல் குத்தி வைக்காமல், தன் சொந்தக் கால்களில் தரையில் நிற்க வேண்டும் என்று ஒருவர் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். பெயர் முராத். பலூச்சிக்காரர், நம்மைவிடச் சில வயதுதான் பெரியவர். இந்த விமானங்கள் பறந்த காலத்தில் தரைக்குழுவின் தலைவர். மற்றவை வெயிலில் காய்ந்தபோது அந்த ஒன்றை மட்டும் கொட்டகைக்குள் தள்ளி வைத்து, கிரீஸ் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாரும் செய்யச் சொல்லவில்லை.

அவர் உருது பேசுகிறார். அல்சூர் மார்க்கெட் தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போட்டுக் கற்ற என் தக்னி உருதை எடுத்துவிட்டேன். வேண்டாம் என்பதற்கு நான் "நக்கோ" என்றதும் மனிதர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "இப்படி உருது பேசி நான் கேட்டதே இல்லை" என்றார். எல்லாம் நன்றாகப் போனது. காலைப் பற்றிக் கேட்டேன், சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரி. அதை மட்டும் கேட்காதீர்கள். அந்த விமானம் கடைசியாகத் தரையிறங்கியது அந்தக் கால்களில். நான் அங்கேதான் நின்றேன்."

மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வாங்க என்னால் முடியும். ஒப்பந்தம் நம் பக்கம். ஆனால் உத்தரவைக் காட்டி அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. உன் 108-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. பாகத்தின் பெயரும் எண்ணும் எனக்கே தெரியும். நீ அதைத் தினமும் எப்படிப் பார்க்கிறாய் என்று எழுது.

வித்யா


லிங்கராஜபுரம்
5 நவம்பர் 2025

வித்யா,

ஷூவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேனா? டேரிலிடம் கேட்டேன். "பேசியிருப்பே, எங்கிட்டயும் ஒரு வாரம் அதையேதான் பேசினே" என்கிறார். சரி. நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் தாளிலேயே எழுது. போனில் நாம் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்போம்.

108-ஐப் பற்றிக் கேட்டாய். நான் கதை சொல்லத் தெரிந்தவள் இல்லை. தெரிந்த அளவு எழுதுகிறேன்.

ஹேங்கரின் கோடியில் நிற்கிறது. மூன்று ஜாக்குகளின் மேல், தரையைத் தொடாமல். வலது கால் கீழே தொங்குகிறது, மூக்குச் சக்கரம் தொங்குகிறது, இடது பக்கத்தில் வெறும் குழி. அந்தக் குழியில் குருவி கூடு கட்டிவிடக்கூடாது என்று துணி அடைத்து வைத்திருக்கிறோம். வால் எண்ணைப் பார்த்துப் பையன்கள் எல்லோரும் "ஆம்புலன்ஸ்" என்று கூப்பிடுகிறார்கள். "ஆம்புலன்ஸே நோயாளியாப் படுத்திருக்கு மேடம்" என்று மமதா தினமும் ஒரு தடவை சொல்லிவிடுவாள். அவள்தான் இப்போது என்னோடு சோதனைப் பிரிவில் இருக்கிறாள்.

அந்தப் பழைய காலை நிராகரித்துச் சிவப்பு அட்டை கட்டியது நான். கட்டியதற்கு வருத்தம் இல்லை. ஆனால் தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் என் மேஜைக்குப் போக வேண்டும். பக்கத்தில் இருந்த விமானங்கள் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகப்பட்டு, ஓடுபாதையிலிருந்து கிளம்பும் சத்தம் கேட்கும்போது, இதைத் திரும்பிப் பார்ப்பேன். போன மாதம் வடக்கே அதன் ஸ்குவாட்ரனிலிருந்து ஒரு ஆபீசர் வந்திருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இறக்கையின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். எல்லைப் பக்கம் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாத காலம். அவர்களுக்கு ஒவ்வொரு விமானமும் கணக்கு. அவர் ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தன் விமானம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அந்த முராத் நினைப்பது எனக்குப் புரிகிறது. நானும் அதைத்தானே கேட்கிறேன்? அவருடையது வாசலில் நிற்க வேண்டும். என்னுடையது பறக்க வேண்டும். அவரை வற்புறுத்தாதே. அவர் முடியாது என்றால் வேறு வழி தேடுவோம்.

கேத்தி


விமானத் தளம்
15 நவம்பர் 2025

கேத்தி,

கதை சொல்லத் தெரியாதவளே, கேள்.

உன் கடிதம் வந்த மறுநாள் முராத் டீ போட்டுக்கொண்டிருந்தார். "பெங்களூரில் என் சிநேகிதி எழுதியிருக்கிறாள், படிக்கட்டுமா?" என்றேன். தமிழை மனதுக்குள் தக்னியாக்கிக்கொண்டே படித்தேன். ஜாக்குகள், குருவி, துணி, இறக்கையின் மேல் கை வைத்து நின்ற ஆபீசர். ஆம்புலன்ஸ் நகைச்சுவையை மொழிபெயர்க்க நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம். கடைசியில் "அவரை வற்புறுத்தாதே" என்ற வரி வந்தது. படிக்கலாமா விடலாமா என்று யோசித்தேன். படித்துவிட்டேன்.

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை நான் கொட்டகைக்குப் போனபோது அந்த விமானம் ஜாக்கின் மேல் ஏறியிருந்தது. முராத் கீழே மல்லாக்கப் படுத்துக் காலைப் பிடித்திருக்கும் மேல்பக்கப் பின்னைத் தட்டி வெளியேற்றிக்கொண்டிருந்தார். என் பையன்கள் உதவிக்குக் குனிந்தார்கள். "விலகுங்கள், இதைப் போட்டவன் நான், கழற்றுவதும் நான்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "துருப்பிடித்த காலில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். நிற்பதற்கு அது போதும். உள்ளே குழி இருந்தால் என்ன, நான் நல்ல பெயின்ட் அடித்துவிடுவேன். வாசலில் போகிறவனுக்குத் தெரியாது" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

"தெரியும். ஒரு கால் இங்கே இல்லை, வேலைக்குப் போயிருக்கிறது என்று தெரியும்."

கேத்தி, நான் இந்தக் குழுவுக்குத் தலைவியாக வந்தேன். கையெழுத்து, பாதுகாப்பு விதிகள், தினமும் மேலிடத்துக்கு அறிக்கை. ஆனால் அந்த நிமிஷம் மாதிரி பெருமையாக நான் எங்கேயும் நின்றதில்லை.

மேல்முனையிலிருந்த பழைய அரக்குப் பூச்சைச் சுரண்டினால் உலோகத்தில் கீறல் விழும். அதனால் அதை அப்படியே விட்டு, மற்ற இடமெல்லாம் விரிசலைக் காட்டும் சாயம் தடவிச் சோதித்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. என் கையெழுத்தோடு அனுப்புகிறேன். அந்தப் பெட்டியை கொக்கியால் இழுக்க வேண்டாம் என்று இறக்குபவர்களிடம் சொல்லிவை.

வித்யா


லிங்கராஜபுரம்
28 நவம்பர் 2025

வித்யா,

கால் வந்தது. அழகான கால். பெட்டியைத் திறந்ததும் ஹேங்கரே வந்து சுற்றி நின்றது. கோவிந்தப்பா சார் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் அதற்குச் சிவப்பு அட்டை கட்டியிருக்கிறேன்.

கோபப்படுவதற்கு முன்னால் முழுக்கப் படி. பூச்சை நீக்கிவிட்டுக் காந்தச் சோதனை செய்தோம். நீல விளக்கின் கீழே ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. காலின் மேல்முனைத் துளைக்குள் இறுக்கி ஏற்றியிருக்கும் எஃகு வளையத்தின் விளிம்பில் ஆரம்பித்து, காலை நோக்கிப் போகிறது. எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. மமதாவை விட்டு மறுபடி செய்யச் சொன்னேன். அதே கோடு. நீ சோதித்த முறையில் இது தெரிந்திருக்க வழியே இல்லை, பூச்சு மூடியிருந்த இடம். உன்மேல் குற்றம் இல்லை.

விரிசல் வளையத்தோடு நின்றால், புது வளையம் கடைந்து போட்டுக்கொள்ளலாம். காலுக்குள் இறங்கியிருந்தால் அந்தக் கால் போச்சு. தெரிந்துகொள்ள ஒரே வழி, வளையத்தை அழுத்தி வெளியே தள்ளுவது. தள்ளும்போது துளை கீறினாலும் கால் போச்சு. நாளைக்குச் செய்கிறோம் என்று அவசரப்பட முடியாது. அதற்கென்று ஒரு தாங்கி செய்ய வேண்டும், வரைபடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும்.

ஸ்குவாட்ரனிலிருந்து தினமும் போன் வருகிறது. குறைந்த எடையோடு ஒரு தடவை பறக்கவிட்டுப் பார்க்கலாமா என்று மேலே யாரோ கேட்டார்களாம். கோவிந்தப்பா சார் என் மேஜைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ஆகல்ல அந்த்ரெ ஆகல்ல அந்த பரெதுகொடி மேடம். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக்கொடுங்க. நான் மேலே காமிச்சுக்கறேன்" என்றார். எழுதிக்கொடுத்துவிட்டேன்.

கேத்தி


விமானத் தளம்
6 டிசம்பர் 2025

கேத்தரின்,

முழுக்கப் படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

ஒரு மனிதர் தன் விமானத்தின் காலைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். இங்கே வாசலில் அது துருப்பிடித்த காலோடு நிற்கிறது. பெயின்ட் காய்ந்துவிட்டது. "கால் போட்டாச்சா, எப்போது பறக்கும்?" என்று தினமும் கேட்கிறார். இன்றைக்கு அவர் வருவதைப் பார்த்ததும் நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன். குழுத் தலைவி!

விளிம்பில் ஒரு கோடு. அது பழைய கீறலாக இருக்கலாம். வளையம் இறங்கிய இடத்தின் நிழலாக இருக்கலாம். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியதாக இல்லாமல் வேறு யாராவது அனுப்பியதாக இருந்தால் நீ இவ்வளவு ஆராய்ந்திருப்பாயா? இப்படிக் கேட்பது தப்பு என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் மனதில் அதுதான் ஓடுகிறது.

அவரிடம் நான் என்ன சொல்ல?

வித்யா


லிங்கராஜபுரம்
13 டிசம்பர் 2025

வித்யா,

கேட்டுவிட்டாய், பதில் சொல்கிறேன். வேறு யார் அனுப்பியிருந்தாலும் இதே அளவு ஆராய்ந்திருப்பேன். நீ அனுப்பியது என்பதால் அட்டையைக் கட்டிவிட்டு அன்று மத்தியானம் கேன்டீனுக்குப் போகவில்லை. அதுதான் வித்தியாசம்.

அந்தக் காலின் மேல் ஒரு பைலட் இறங்கப் போகிறார். அவருக்கு நீயும் தெரியாது, நானும் தெரியாது, நம் சண்டையும் தெரியாது. யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பி இறங்குவார். அந்த யாரோ நான். இதைத்தான் முராத்திடம் சொல். விமானத்தைத் துடைத்து வைத்திருந்த மனிதர். நீ பயப்படுவது போல் அவர் கோபப்பட மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

செவ்வாய்க்கிழமை வளையத்தைத் தள்ளுகிறோம். சர்ச்சில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போகச் சொல்கிறார் டேரில். காலுக்கா, உனக்கா, எனக்கா என்று கேட்டேன். "பெரிய மெழுகுவத்தியா வாங்கு" என்றார்.

கேத்தி


விமானத் தளம்
20 டிசம்பர் 2025

கேத்தி,

சொல்லிவிட்டேன். நீ எழுதியதை வரிக்கு வரி சொன்னேன். முராத் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுவிட்டு, "அந்த அம்மா என் தரைக்குழுவில் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்" என்றார். நான் ஸ்டோர் ரூமில் ஒளிந்ததையும் சொன்னேன். அவர் அதைப் பார்த்துவிட்டாராம். மரியாதைக்குப் பார்க்காத மாதிரி போயிருக்கிறார்.

நான் போன கடிதத்தில் கேட்டது அசிங்கமான கேள்வி. அதைக் கிழித்துப் போட்டுவிடு.

வளையம் என்ன ஆயிற்று? சரக்கு விமானம் வரும்வரை காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை ஊருக்குள் போய் உனக்குப் போன் செய்யப் போகிறேன். எடு.

வித்யா


லிங்கராஜபுரம்
23 ஜனவரி 2026

வித்யா,

அன்றைக்குப் போனில் "விரிசல் வளையத்தோடு நின்றுவிட்டது, துளை சுத்தம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ கத்தியதில் இன்னும் என் காது சரியாகவில்லை. அதற்கப்புறம் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

புது வளையத்தை நம் மெஷின் ஷாப்பிலேயே கடைந்தார்கள். முதலில் கடைந்தது ஒரு தலைமுடி அளவு தளர்வாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். "இன்னைக்குச் சிவப்பு அட்டை ஸ்டாக் இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. மறுபடி காந்தச் சோதனை, மறுபடி நீல விளக்கு. ஒன்றுமில்லை. அட்டையை நான் கழற்றவில்லை, மமதாவைக் கழற்றச் சொன்னேன். கால் ஏறிய பிறகு ஜாக்கின் மேலேயே வைத்துக் காலை மடக்கினோம், நீட்டினோம், மடக்கினோம், நீட்டினோம். கதவு மூடும் சத்தம் கேட்டு ஹேங்கரில் எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு ஜாக்குகளைக் கீழே இறக்கினோம். அதைப் பற்றி எழுத எனக்குச் சரியாக வரவில்லை. இடது டயர் முதலில் தரையைத் தொட்டது, பிறகு மெதுவாகக் கொஞ்சம் அமுங்கியது. எடையை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். கோவிந்தப்பா சார் மூக்கைச் சிந்திக்கொண்டு "தூசி ஜாஸ்தி" என்றார்.

நேற்றுப் பறந்தது.

ஓடுபாதை ஓரத்தில் நிற்க என்னையும் மமதாவையும் அனுமதித்தார்கள். 108 எங்கள் எதிரே வந்து திரும்பி நின்றது. இரண்டு எஞ்சினும் முழு வேகத்தில் கத்தும்போது நெஞ்செலும்பு அதிர்கிறது, உனக்குத் தெரியும். கிளம்பியது. ஒரு புள்ளியாகி மாரத்தஹள்ளி கட்டடங்களுக்கு மேலே போய் மறைந்தது. அத்தனை நாள் துணி அடைத்து வைத்திருந்த அந்தக் குழி, வித்யா, அதற்குள் இப்போது ஒரு கால் மடங்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன். யாரோ ஒருவர் துடைத்துக் கிரீஸ் போட்டு வைத்திருந்த கால், நீ சுற்றி அனுப்பிய கால், நான் சண்டை போட்டுப் பார்த்த கால்.

திரும்பி வந்து இறங்கியது. டயர் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. பின்னால் பாராசூட் விரிந்தது. ஓடி நின்றது. நான் அங்கேயே ஓரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

கோவிந்தப்பா சார் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். முதலில் உன் பெயரைத்தான் சொன்னார். எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. நான்தான் முதலில் கை தட்டினேன். அடுத்த வாரம் 108 வடக்கே தன் ஸ்குவாட்ரனுக்குப் போகிறது.

கேத்தி


விமானத் தளம்
31 ஜனவரி 2026

கேத்தி,

உன் கடிதத்தை முராத்திடம் படிக்க அந்த வாசலுக்கே போனேன். அவருடைய விமானம் அங்கே நிற்கிறது. மணல் நிறத்தில் புது பெயின்ட், மூக்கு சாலையைப் பார்த்து. போகிற லாரிக்காரர்கள் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துருப்பிடித்த காலுக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. இரண்டு பேரும் அங்கே தரையில் உட்கார்ந்தோம். அவருடைய மகளும் வந்திருந்தாள், கல்லூரியில் படிக்கிறவள். அப்பா தன் விமானத்தைப் பற்றிப் பேசுவதை எவ்வளவோ கேட்டிருக்கிறாளாம், அது இன்னும் பறக்கிறது என்று கேட்பது இதுதான் முதல் தடவையாம்.

நான் படிக்கப் படிக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஜாக்கை இறக்கியபோது டயர் அமுங்கிய இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "தூசி ஜாஸ்தி"க்குச் சிரித்தார். நான் முடித்தேன். நன்றி சொல்வார், கடவுளைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இறங்கும்போது எந்தக் கால் முதலில் தரையைத் தொட்டது?"

"கடிதத்தில் இல்லையே" என்றேன்.

"கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.

எனக்கு இன்னும் பிரிக்க வேண்டிய விமானங்கள் இருக்கின்றன. மார்ச் வரை இங்கேதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை அவர் என்னை விடமாட்டார். சீக்கிரம் எழுது.

வித்யா


லிங்கராஜபுரம்
7 பிப்ரவரி 2026

வித்யா,

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. டயர் தொடும் நேரத்தில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அத்தனை சோதனை செய்தவள், அத்தனை அட்டை கட்டியவள், அந்த ஒரு நொடியைப் பார்க்கவில்லை. மமதாவிடம் கேட்டால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், நான் விழுந்துவிடுவேன் என்று பயந்து.

அதனால் அன்றைக்கு ஓட்டிய நம் சோதனை பைலட்டிடமே போனேன். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லையே என்பது போல் என்னைப் பார்த்தார். முராத்தைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் நேராக நின்று, நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார்.

அன்றைக்குக் காற்று இடது பக்கத்திலிருந்து அடித்ததாம். காற்றுக்கு எதிராக இறக்கையைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டியிருந்ததாம்.

முராத்திடம் சொல். இடது கால்தான். வலது சக்கரம் தொடுவதற்கு முன்னால், ஒரு நொடி, முழு விமானமும் அதன் மேல் மட்டுமே நின்றது.

கேத்தி